எடையைக் கேளுங்கள், டீச்சரைத் திட்டாதீர்கள்

ஒரு குழந்தையின் எடையைக் குறித்துக்கொண்டால் அதை வைத்து யாராவது ஏதாவது செய்ய வேண்டும். செய்யப்போவதில்லை என்றால் பச்சைப் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு அழவைப்பானேன்? ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்து, அங்கன்வாடி மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் நான். மதுரை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் என் கூடவே இருந்தவை ஒரு தராசும் ஒரு பதிவேடும். "ஆய்வுத் தரவுகளின் அடிப்படையில் கொள்கை வகுக்கிறோம்" என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அவை இரண்டும்தான் நினைவுக்கு வரும். தரவு பிறக்கிற இடம் அதுதானே.

நான் பார்த்த வேலையே ஓர் ஆய்விலிருந்து வந்ததுதான். 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில், சிட்னி கேன்டர் அசோசியேட்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் தமிழ்நாட்டில் பெரிய ஊட்டச்சத்து ஆய்வு ஒன்றை நடத்தியது. 1973-இல் அறிக்கை வந்தது. பசி எல்லா வயதையும் ஒரேபோல் அடிக்கவில்லை, மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத்தான் அதிகம் அடிக்கிறது என்று அது காட்டியது. அரசு அதுவரை நடத்திய உணவுத் திட்டங்களோ பெரும்பாலும் பள்ளிக்கு நடந்து வரத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை. தவழ்கிற பிள்ளைக்கு அவற்றில் ஒன்றுமில்லை. வீட்டில் அரிசி இல்லாதது மட்டுமே காரணமில்லை என்பதும் தெரிந்தது. தாய்ப்பாலோடு எந்த மாதத்தில் வேறு ஆகாரம் தொடங்குகிறார்கள், வயிற்றால் போகும்போது சோற்றை நிறுத்துகிறார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் பிள்ளையை மெலியவைத்தன.

இதை அடிப்படையாக வைத்து, உலக வங்கிக் கடனோடு, 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. எங்கள் பக்கம் டி.ஐ.என்.பி. என்று சொன்னால்தான் தெரியும். கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் அதை முதலில் நடத்திப் பார்த்தார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்த விதமே அலாதி. எட்டாம் வகுப்பு போதும். உள்ளூர்க்காரியாக இருக்க வேண்டும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளாகவும், அந்தப் பிள்ளை நோஞ்சானாக இல்லாமலும் இருந்தால் முன்னுரிமை. ஏழை வீடாக இருந்தும் பிள்ளை தெம்பாக இருந்தால் இன்னும் நல்லது. அதே ஊரில், அதே கூலியில், ஒரு பிள்ளையைத் தேற்றிக் கொண்டுவர முடியும் என்பதற்கு அந்தப் பெண்ணே சாட்சி என்று கணக்கு. நேர்காணலுக்கு வந்த அம்மா என் சான்றிதழை ஒருமுறை பார்த்தார். என் இடுப்பில் இருந்த மகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

உத்தரத்தில் கயிறு போட்டு சால்ட்டர் தராசைத் தொங்கவிடுவோம். கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்துத் தைத்த துணிப்பையில் பிள்ளையை உட்காரவைத்து மாட்ட வேண்டும். "எடை போட்டா கண்ணு பட்டுரும் டீச்சர்" என்று முந்தானையால் மூடிக்கொண்டு போன அப்பத்தாக்கள் உண்டு. முதல் சில மாதங்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியதுதான் வேலை. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. மாதாமாதம் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. கோடு மேலே போனால் சிரித்து அனுப்பிவிடுவோம். படுத்துவிட்டாலோ, பிள்ளை ஊட்டக்குறைவில் மூன்றாம் நான்காம் தரத்தில் இருந்தாலோ அன்றைக்கே உணவுப் பட்டியலில் பெயர் ஏறும். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை, 90 நாளைக்கு. பல ஊர்களில் அதை உருட்டியது உள்ளூர்ப் பெண்கள் குழுதான். 500 கிராம் ஏறிவிட்டால் நிறுத்திவிடுவோம்.

எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்காமல் சிலருக்கு மட்டும் கொடுப்பது கிராமத்தில் லேசான காரியமில்லை. "அவ பிள்ளைக்குக் குடுக்குறீக, எம்பிள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒருத்தி என் வாசலில் நின்று சத்தம் போட்டாள். முறைக்கு எனக்கு மதினி. அட்டையை எடுத்து வந்து, "இந்தக் கோடு மேல ஏறுது பாருங்க மதினி. அது படுத்துச்சுன்னா நானே உருண்டையத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்துருவேன்" என்றேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், கோட்டின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் எடை நாளில் முதல் ஆளாக வந்து நின்றது அவள்தான். பிறகு அவளே மற்றவர்களுக்குக் கோட்டை விளக்க ஆரம்பித்தாள். "வயித்தால போச்சுல்ல, அதான் இந்த மாசம் படுத்துருச்சு" என்று காரணமும் சொல்வாள்.

எடுத்த எண் எடுத்த இடத்திலேயே ஒரு முடிவைச் செய்தது. அதைப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆள் தாய், அவளுக்குப் புரிந்தது. என்னைப் போல் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். வந்தால் ஐந்தாறு பிள்ளைகளை மறுபடி எடை போட்டுப் பார்ப்பார். வித்தியாசம் இருந்தால் தராசு முள்ளைச் சரிசெய்து காட்டுவார். எடை ஏறாத பிள்ளை வீட்டுக்கு என்னோடு நடந்து வருவார். ஒரு பிள்ளை தேறவில்லை என்று எழுதுவதற்கு எனக்குப் பயமே இருந்ததில்லை. எழுதினால் உதவிக்கு ஆள் வரும் என்று தெரியும். திட்டம் நடந்த ஒன்றியங்களில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது என்று பின்னால் வந்த மதிப்பீடுகள் சொல்லின.

இதற்கு நடுவில் எம்.ஜி.ஆர். வந்தார். 1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்களில் இரண்டு வயதிலிருந்து ஒன்பது வயது வரை, செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் 15 வயது வரைக்கும். பொருளாதாரம் தெரிந்த பலர் முகம் சுளித்தார்கள். கஜானா தாங்காது, ஓட்டுக்குச் சோறு, மூன்று வயதுக்குக் கீழே செலவழிக்க வேண்டிய பணத்தைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொட்டுகிறார்கள் என்றார்கள். கடைசி வாதத்துக்கு ஆய்வின் ஆதரவு இருந்தது. நான் செய்துகொண்டிருந்த வேலையே அந்த வாதத்தின் மேல்தான் நின்றது. இருந்தாலும் நிபுணர்கள் பக்கம் நான் சாய மாட்டேன். அவர்கள் ஆராய்ந்த கேள்வி உடம்பின் எடை. பசியோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பெண்ணுக்கு மதியம் என்ன ஓடும் என்பது அவர்கள் கேள்வித்தாளில் இல்லை. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் சமையல் வேலை என்று ஊருக்கு ஊர் ஒரு சம்பளம் வந்தால் என்ன ஆகும் என்பதும் இல்லை. எந்தத் தெருப் பிள்ளையோடு எந்தத் தெருப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் என்பதும் இல்லை.

கேட்காத கேள்விக்கு ஆய்வு பதில் சொல்லாது. 1956-இல் காமராஜரும் ஆய்வறிக்கைக்குக் காத்திருந்து மதிய உணவு போடவில்லை. ஆனால் தமிழ்நாடு போட்ட சோறு பிறகு மற்றவர்களுக்கு ஆதாரமாயிற்று. பார்பரா ஹாரிஸ் போன்ற ஆய்வாளர்கள் இங்கே வந்து ஆராய்ந்து எழுதினார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, நடத்திக் காட்ட முடியும் என்பதற்கு நம் மாநிலம் கண்முன்னால் இருந்தது. ஒரே ஊரில் இரண்டு திட்டமும் ஓடியதால் எந்தப் பிள்ளை எதனால் தேறியது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் மதிப்பீட்டாளர்கள் திண்டாடியது தனிக்கதை. பிள்ளைகளுக்கு அதில் நஷ்டமொன்றும் இல்லை.

ஆகவே ஆய்வு சொன்னால்தான் அரசு அசைய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. திட்டம் எப்படித் தொடங்கினாலும் தொடங்கட்டும். தொடங்கிய பிறகு கீழே இருந்து வருகிற எண்ணை அரசு எப்படி நடத்துகிறது என்பதுதான் என் கவலை.

டி.ஐ.என்.பி. இரண்டாம் கட்டமும் 1990-களின் கடைசியில் முடிந்து, எல்லாம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு கலந்தது. நாங்கள் அங்கன்வாடிக்காரர்கள் ஆனோம். பதிவேடுகள் பெருகின. எடை அப்போதும் எடுத்தோம். ஆனால் அது போகிற திசை மாறிவிட்டது. முன்பு எண் தாயிடம் போயிற்று. இப்போது மாத அறிக்கையில் ஏறி ஒன்றியத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து எனக்குத் தெரியாத இடங்களுக்கும் போயிற்று. போனது ஒரு நாளும் திரும்பி வந்து எங்களிடம் எதையும் சொன்னதில்லை. கூட்டத்தில் மட்டும் வந்தது, கேள்வியாக. "உன் செக்டார்ல மட்டும் ஏம்மா இத்தனை பிள்ளை சிவப்புல இருக்கு? மத்தவங்க எல்லாம் வேலை பாக்குறாங்க, நீ என்ன பண்ற?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஓர் அதிகாரி கேட்டார். மேற்பார்வையாளரான என் கீழே இருந்த அங்கன்வாடி டீச்சர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த மாதம் அவர்கள்தான் ஒழுங்காக எடை போட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் சிவப்பு, அதாவது எடை மிகக் குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, குறைந்தது. பிள்ளைகள் தேறிவிடவில்லை. காய்ச்சலில் மெலிந்த பிள்ளை "வெளியூர் சென்றுள்ளது" ஆனது. தராசு முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் மேல் கோட்டில் எழுதப்பட்டது. ஒரு டீச்சர் என்னிடம் நேராகவே கேட்டாள்: "அக்கா, உண்மையை எழுதினா எனக்கு மெமோ. எழுதாட்டி பிள்ளைக்குத்தான் நஷ்டம், அதுவும் அதுக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்க." சம்பளத்தில் கைவைப்பார்கள் என்று பயந்த ஒரு பெண்ணிடம் சத்தியத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. மேலே கொண்டுபோய்ச் சொன்னேன். கோபமாகப் பேசுகிறேன் என்றார்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் என்று சொன்னது. இரத்தசோகை உள்ள பிள்ளைகள் நான்காம் சுற்றில் 50.7 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 57.4. நான் கையெழுத்திட்ட பதிவேடுகளில் இவ்வளவு சிவப்பை நான் பார்த்ததே இல்லை. அந்த ஆய்வாளர் வீட்டுக்கு வந்து அளந்து எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அந்தப் பிள்ளை ஏன் மெலிந்திருக்கிறது என்று அவரை யாரும் அதட்டப்போவதில்லை. அதனால் அவர் கை நடுங்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு மாவட்டத்தைச் சொல்லும், பிள்ளையைச் சொல்லாது. எங்கள் பக்கத்து மேலவளவில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்கு முட்டை கூடுதலாக வேண்டும் என்பது டீச்சரின் பதிவேட்டுக்குத்தான் தெரிய முடியும். அதைத்தான் கெடுத்து வைத்திருக்கிறோம்.

டீச்சர்களைக் குறைசொல்லிவிட்டுப் பெரியவர்களை விட்டுவிட முடியாது. 2017-18-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைத் தரம் சரியில்லை என்று சொல்லி மத்திய அரசு வெளியிடவேயில்லை. நாட்டில் எத்தனை பேருக்கு ரேஷன் என்பதற்கு இன்றும் 2011 மக்கள்தொகைக் கணக்குதான் அடிப்படை. கீழே முள்ளை நகர்த்துகிறார்கள், மேலே தராசையே எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

இதே தமிழ்நாட்டில், இதைவிடப் பல மடங்கு கசப்பான ஓர் எண்ணை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்தச் சாவை விடாமல் பதிய வேண்டும், வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும், கலெக்டர் முன்னால் பேச வேண்டும். இறந்தவளின் உறவினர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறார்கள். என் சிநேகிதி ஒருத்தி கிராம சுகாதார செவிலியர். அப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போயிருக்கிறாள். "வலி எப்ப எடுத்துச்சு, வண்டி எப்ப வந்துச்சு, முதல் ஆஸ்பத்திரியில ஏன் அனுப்பிச்சாங்க, ரத்தம் எங்க இருந்துச்சு, இப்படித்தான் மணிக்கணக்கா கேப்பாங்க" என்பாள். அங்கேயும் அதட்டல் இல்லாமல் இல்லை, அழுதுகொண்டே வெளியே வந்த செவிலியர்கள் உண்டு. ஆனால் விதி எழுதப்பட்டது குற்றவாளியைப் பிடிக்க அல்ல, எங்கே தாமதம் என்று கண்டுபிடிக்க. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்ப்பது, பெரிய மருத்துவமனைகளில் அவசரப் பிரசவப் பிரிவு, ரத்தம் சேமித்து வைக்கும் வசதி எல்லாம் இந்த விசாரணைகள் நடந்த ஆண்டுகளில்தான் வலுப்பட்டன. 2001-03-இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20-இல் 54 ஆயிற்று. எல்லாம் அந்த விசாரணையால்தான் என்று சொன்னால் அது அதிகப்படி. ஆனால் சாவை மறைத்திருந்தால் எங்கே செவிலியர் இல்லை, எங்கே ரத்தம் இல்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒழுங்காக எடுத்த எண் என்ன சொல்லும் என்பதற்கு இன்னோர் ஆய்வு. அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் தமிழக அரசோடு சேர்ந்து நடத்தியது. நாலு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், அந்த மையங்களில் சொல்லிக்கொடுக்கிற நேரம் இரட்டிப்பாகியிருந்தது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறியிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிற வேலை கையை விட்டுப் போனதால் பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலை பார்க்க நேரம் கிடைத்தது. அதனால் உயரக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. போட்ட செலவைப் போல் 13 முதல் 21 மடங்கு வரை நன்மை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2024-இல் உலகத்தில் பெரிதாக மதிக்கப்படும் பொருளியல் இதழில் அது அச்சாயிற்று.

என் பழைய சகாக்களிடம் இதைச் சொன்னபோது ஒருத்தி சிரித்துவிட்டாள். "இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய படிப்பா? நம்மளக் கேட்டா டீ குடிக்கிற நேரத்துல சொல்லியிருப்போமே!" எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், நாங்கள் சொல்லாமலா இருந்தோம்? "ஆள் பற்றவில்லை" என்று மனு கொடுத்தோம், தர்ணாவில் உட்கார்ந்தோம். அது சங்கத்தின் கோரிக்கை என்று ஃபைலுக்குள் போயிற்று. அதே வார்த்தையை 320 மையங்களில் அளந்து சொன்னபோது ஆதாரமாயிற்று. இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் ஆய்வின் மேல் கோபமில்லை. எங்கள் அனுபவத்தை நிதித்துறைக்குப் புரிகிற மொழியில் சொன்ன ஆட்கள் அவர்கள். இப்படி ஒரு முடிவு கையில் இருக்கும்போது ஒவ்வொரு பட்ஜெட்டிலும் யாராவது எழுந்து, அந்த இரண்டாவது பெண் எங்கே என்று கேட்க வேண்டாமா?

இரண்டாவது பெண் வருவதற்கு முன் போன் வந்துவிட்டது. 2021-இலிருந்து மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலி. அதில் எடை, உயரம், வருகை, உணவு எல்லாம் ஏற்ற வேண்டும். இப்போது சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். சிக்னல் தேடி வேப்பமரத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் டீச்சரைப் பார்த்தால், எங்கள் காலத்துப் பதிவேடே தேவலை என்று தோன்றும். செயலி வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குக் கிழவியாகிவிடவில்லை நான். வளர்ச்சிக் கோட்டை அதுவே போட்டுக் காட்டும். அதைத் தாய்க்குத் திருப்பிக் காட்ட டீச்சருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் செயலி சாப்பிட்டுவிடுகிறது.

கண்டிப்பு இல்லையென்றால் யார் வேலை பார்ப்பார்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எடை போடாத டீச்சருக்கு மெமோ கொடுங்கள், நான் தடுக்க மாட்டேன். சிவப்புப் பிள்ளையின் வீட்டுக்குப் போகாதவளைக் கேளுங்கள். மேற்பார்வையாளர் போய்ப் பத்துப் பிள்ளைகளை மறுபடி எடை போட்டு, எழுதியதும் முள்ளும் பொருந்தாவிட்டால் விளக்கம் கேளுங்கள். சிவப்பு இருக்கிறதே என்பதற்காக மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை மெலிந்ததற்கு அப்பாவின் குடி காரணமாக இருக்கலாம், அடுத்தடுத்த பிரசவம் காரணமாக இருக்கலாம், நூறு நாள் வேலைக் கூலி நாலு மாதமாக வராதது காரணமாக இருக்கலாம். மாதம் ஒருமுறை தராசு பிடிக்கிறவளின் தலையில் அத்தனையையும் ஏற்றினால், அவள் இறக்கி வைக்கிற இடம் பதிவேடாகத்தான் இருக்கும்.

வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. வரவு செலவைப் படிக்கிறார்கள், தெருவிளக்கு பேசுகிறார்கள், தண்ணீர்த் தொட்டி பேசுகிறார்கள். அந்தப் பொருள் பட்டியலில் இன்னொரு வரி சேர்க்கலாம். பெயரெல்லாம் வேண்டாம். ஊரில் மூன்று வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரை எடை போட்டோம், எத்தனை பேருக்கு ஏறவில்லை, போன தடவைக்கு இப்போது எப்படி என்று டீச்சரே எழுந்து படிக்கட்டும். சிவப்பு கூடியிருந்தால் ஏன் என்று ஊரையும் ஊராட்சித் தலைவரையும் கேட்கட்டும். கேட்டுவிட்டு, ஆள் வேண்டுமா, முட்டை வேண்டுமா, குடிதண்ணீர்க் குழாயைச் சாக்கடையிலிருந்து தள்ளிப்போட வேண்டுமா என்று தீர்மானம் எழுதி மாவட்டத்துக்கு அனுப்பட்டும். அந்தத் தீர்மானத்துக்கு அடுத்த கிராம சபைக்குள் மாவட்ட நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று ஓர் அரசாணை போட்டால் போதும்.